ஓசிப் படிப்பு

'ஓசி' என்ற சொல்லுக்கு ஒரு பூர்வ கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் காரியமாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கூலி கிடையாது. உறையின் மேல் 'கம்பெனி காரியமாக' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ஓ.சி.எஸ். என்ற எழுத்துக்கள் விழுந்திருக்கும். அதிலிருந்து, காசு கொடுக்காமல் கைக்கு வருவதெல்லாம் ஓசி ஆயிற்று என்பது கதை. சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். கதை என்ற அளவில் இதில் ஒரு உண்மை இருக்கிறது. கூலி வாங்கப்படாத அந்தக் கடிதத்தையும் யாரோ ஒரு ஓட்டக்காரன்தான் சுமந்து ஓடினான். அவனுக்கு யாரோ படியளந்தார்கள். அளந்தது கம்பெனி. ஆக ஓசி என்பதற்கு, வேறொருவன் கணக்கில் என்றே அர்த்தம் கொள்ள வேண்டும்.

தினசரிக்குச் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டு, செய்திகளைக் கைபேசியில் காசில்லாமல் படித்துக்கொள்வது இன்று நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். இதில் தார்மீகமாகக் கோளாறு ஏதும் உண்டா என்பதே நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி. மாதம் இருநூறு முந்நூறு ரூபாய் சமாசாரம். இதற்குத் தத்துவ விசாரணை வேறா என்று தோன்றலாம். வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு அப்படித் தோன்றுவதில்லை. லட்சங்களில் மனிதன் ஜாக்கிரதையாகவே இருக்கிறான். அவன் குணம் வெளிப்படுவது சில்லறையில்.

முதலில் சுலபமான பதில்கள் இரண்டை ஒதுக்கிவிட வேண்டும். காசு கொடுக்காமல் படிப்பது திருட்டு என்பது ஒன்று. முழுப் பத்திரிகையையும் பக்கம் பக்கமாக நகலெடுத்து விடியுமுன் வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுக்கு விடுகிறார்களே, அதை வேண்டுமானால் திருட்டு என்று சொல்லலாம். 2020ல் ஒரு ஹிந்தி தினசரி இதற்காக டெல்லி உயர்நீதிமன்றம் வரை போயிற்று. ஆனால் பத்திரிகையே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே வா என்று அழைக்கும்போது, போய்ப் படிக்கிறவனைத் திருடன் என்பது அபத்தம். 'தி ஹிந்து' 1995ல் இணையத்துக்கு வந்தது. அங்கே படிப்பதற்குச் சந்தா கேட்க ஆரம்பித்தது 2019ல். இடையில் 24 வருஷங்கள். செய்திக்கு விலை கிடையாது என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டிருக்கிறது என்றால், கற்பித்தவர்கள் பத்திரிகைக்காரர்களே.

மற்ற பதில், நான் படிப்பதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை என்பது. கல்வியைப் பற்றி நம்மவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிற கொடுக்கக் குறையாத தன்மை செய்திக்கும் உண்டு. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றிக்கொண்டால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. வாஸ்தவம். ஆனால் அதன் எண்ணெய் குறைந்துகொண்டே இருக்கிறது. ஏற்றிக்கொண்டு போகிறவன் அதைக் குறைக்கவில்லை, எரிவதால் குறைகிறது. ஒளியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் எண்ணெயைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சந்தா கட்டிப் படிக்கிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. நான் காசு கொடுத்தேன் என்கிற கர்வம். இதுவும் பாதி உண்மைதான். அச்சிட்ட தாளையும் நம் வாசகன் பெருமளவுக்கு ஓசியில்தான் படித்து வந்திருக்கிறான். 1833 செப்டம்பரில் நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்பவர் 'சன்' பத்திரிகையை ஒரு சென்ட் விலையில் கொண்டுவந்தார். ஊரில் மற்ற தினசரிகளின் விலை ஆறு சென்ட். விஷயம் எளிது. தாளை மலிவாக விற்றுக் கூட்டம் சேர்ப்பது. சேர்ந்த கூட்டத்தை விளம்பரக்காரரிடம் விற்பது. தொழிலாளி வீட்டுக்குள் தினசரி நுழைந்தது இப்படித்தான், அதை மறுப்பதற்கில்லை. 1835ல் அதே பத்திரிகை, நிலவில் சிறகு முளைத்த மனிதர்களைத் தொலைநோக்கியில் பார்த்ததாக ஒரு தொடர் வெளியிட்டதையும் மறக்க வேண்டியதில்லை. சேர்த்த கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க வேண்டுமே. இந்த முறையின் கடைசிப் பக்கத்தை நம் நாட்டிலேயே படிக்கலாம். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' அதிபர்களில் ஒருவர், தங்கள் தொழில் பத்திரிகைத் தொழிலே அல்ல, விளம்பரத் தொழில் என்று 2012ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அடக்க விலைக்கும் கீழே தாளை வாங்கி, படித்து, மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுப் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்ட நாம், கைபேசியில் படிப்பவனைப் பார்த்து முகம் சுளிப்பதில் நியாயம் போதாது.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? டீக்கடையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாள்; நாலாகப் பிரித்து நாற்பது பேர் படிப்பார்கள்; எழுத்துத் தெரியாதவருக்கு ஒருவர் உரக்க வாசிப்பார். இதைவிடப் பெரிய ஓசிப் படிப்பு கிடையாது. ஆனாலும் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. கடைக்காரர் அந்த நாற்பது பேருக்காகத்தான் தாளை வாங்கினார். நூலகமும் அப்படியே. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் பின்னால் ரங்கநாதனின் பல வருஷ உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு நூலகத்துக்கென்று ஒரு வரி வசூலாகிறது. வாசகசாலை பெஞ்சில் காசில்லாமல் தினசரி படிக்கிற பெரியவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல. ஊரே சேர்ந்து அவருக்காகக் கட்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும், வாசகனுக்காகப் பணம் கொடுத்தவன் வாசகனின் தரப்பில் நின்றவன். கைபேசி ஓசியில் எனக்காகப் பணம் கொடுப்பவன் என் தரப்பில் இல்லை. வித்தியாசம் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. ஓசியா, காசா என்று கேட்டு இதைத் தீர்க்க முடியாது. யார் கணக்கில், எதற்காக என்று கேட்க வேண்டும்.

எதற்காக என்பதை முதலில் பார்ப்போம். செய்திக்காகப் பணம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தாலுகா தலைநகரை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சிக் கூட்டம், கோர்ட்டு, அரசு ஆஸ்பத்திரி, தாசில்தார் ஆபீஸ். பத்துக் கூட்டங்களில் ஒன்பதில் ஒன்றும் நடக்காது. பத்தாவதில், ஒருவர் தீர்மானங்களை வரிசையாக முணுமுணுத்துவிட்டுப் போவதற்குள் ஒரு ஏரிக்கரை கைமாறிவிடும். அந்த முணுமுணுப்பைக் கேட்க அங்கே ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்பது தடவை சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் பத்தாவது தடவை நடந்தது என்ன என்று புரியும். செய்தி வெளிவந்துவிட்டால் பிறகு அது எல்லோருடையதும். அதற்கு விலை வைப்பதும் கஷ்டம், வேலி போடுவதும் கஷ்டம். விலை கொடுக்கப்பட வேண்டியது அந்த ஒன்பது நாள் காத்திருப்புக்கு.

இணையத்தில் எந்தச் செய்தியை எத்தனை பேர் தொட்டார்கள் என்று நொடிக்கு நொடி கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒன்பது நாட்களின் வரவு பூஜ்யம். சந்தா ஒன்றுதான் ஒன்றும் நடக்காத நாட்களுக்கும் சேர்த்துக் கட்டப்படுவது. ஜனவரியில் நான் பணம் கட்டும்போது மார்ச்சில் என்ன வெளிவரும் என்று எனக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. நடைமுறையில் இந்தக் காத்திருப்புக்கு நம்மூரில் எப்படிக் கூலி கிடைக்கிறது என்பது பத்திரிகைத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். தாலுகா நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு, பிடித்துக்கொடுத்த விளம்பரத்துக்குக் கமிஷன் இவ்வளவு என்று ஏற்பாடு. கட்சிக்காரரின் பிறந்தநாள் விளம்பரத்துக்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறவர், மறு வாரம் அவருக்குப் போன ஏரிக்கரையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அவர் எழுதாமல் விட்டால் குறை சொல்ல, அவர் கூலியில் ஒரு பைசாவும் கொடுக்காத எனக்கு என்ன யோக்யதை?

என் தொழிலுக்குப் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்சநீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்றது. 2019 ஏப்ரல் 1லிருந்து வாங்கப்பட்ட பத்திரங்கள் 22,217. வாங்கியவர் விவரம் ஒரு இடத்தில், பணமாக்கிய கட்சிகளின் விவரம் இன்னொரு இடத்தில் இருக்கிறது, இரண்டையும் பொருத்த ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று ஸ்டேட் வங்கி கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14ல் இரண்டு பட்டியல்களும் தனித்தனியாக வெளியாயின. பத்திர எண்களோடு வந்தது மார்ச் 21ல். அதன் பின் நடந்தது குமாஸ்தா வேலை. இந்தக் கம்பெனியின் உண்மையான முதலாளி யார், இன்ன தேதியில் அங்கே சோதனை நடந்ததா, இன்ன தேதியில் பத்திரம் வாங்கினார்களா என்று வரிக்கு வரி டிக் அடித்துப் போவது. 'நியூஸ்லாண்ட்ரி', 'ஸ்க்ரோல்', 'தி நியூஸ் மினிட்' ஆகிய மூன்று சிறிய இணையப் பத்திரிகைகளும் சில தனி நிருபர்களும் சேர்ந்து அதைச் செய்தார்கள்; வாசகர்களிடம் பணம் கேட்டுச் செய்தார்கள். பேரேடு பார்த்தவனுக்குத் தெரியும், இந்த வேலையில் ஒரு கவர்ச்சியும் கிடையாது. விளம்பரக்காரன் எவனும் இதற்குக் காசு தரமாட்டான், பட்டியலில் அவன் பெயரே இருக்கலாம். முடிவு என் கைபேசிக்கும் உங்கள் கைபேசிக்கும் ஓசியில் வந்தது. யாரோ சில ஆயிரம் பேர் கணக்கில் வந்தது.

இந்த இடத்தில் ஆங்கில இலக்கியத்தோடு கொஞ்சம் தத்துவமும் படித்த நண்பர்கள் கான்ட்டைக் கொண்டுவருவார்கள். எல்லோருமே ஓசியில் படித்தால் என்ன ஆகும் என்று கேள். இது கான்ட்டை மலிவுப் பதிப்பில் படிப்பது. எல்லோரும் வங்கிக் குமாஸ்தாவானால் நெல் விளையாது. அதனால் குமாஸ்தா வேலை பாவம் ஆகிவிடாது. அவர் சோதிக்கச் சொன்னது செயலின் பின்னால் நிற்கிற விதியை. டீக்கடைப் பெஞ்சில் படித்தவரின் விதி, 'எங்களுக்காக வாங்கிப் போட்டதை நாங்கள் பகிர்ந்துகொள்வோம்' என்பது. இதை எல்லோருக்கும் பொதுவாக்கலாம், ஒன்றும் இடிந்து விழாது. கொடுக்க வசதியிருந்தும் கொடுக்காமல் படிக்கிற என் போன்ற மாதச் சம்பளக்காரனின் விதி, 'மற்றவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை நான் கொடுக்கமாட்டேன்' என்பது. இதற்குள்ளேயே மற்றவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். எல்லோரும் இதைக் கைக்கொண்டால் 'மற்றவர்கள்' என்று யாரும் மிச்சமில்லை.

இதற்கு எதிராக வரக்கூடிய வாதங்களில் நான் மதிப்பது ஒன்றுதான். நம்பகமான செய்திக்குக் கதவு போட்டுக் காசு கேட்டால், காசில்லாதவனுக்கு எஞ்சுவது வதந்தி. வதந்திக்கு யாரும் சந்தா கேட்பதில்லை. செய்தி தெரிந்துகொள்வது குடிமகனின் உரிமை என்று வைத்துக்கொண்டால், பூட்டிய கதவு ஒரு அநீதி. சரியான வாதம். ஆனால் இதைச் சொல்ல வேண்டியவர் காசில்லாதவர். சொல்வது பெரும்பாலும் மாதா மாதம் கைபேசிக்குக் கட்டணம் தவறாமல் கட்டுகிற நாம். ஏழையின் உரிமையை எடுத்து நம் சிக்கனத்துக்குப் போர்வையாக்கிக்கொள்கிறோம். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, முடிந்தவர் கொடுங்கள் என்று கேட்கிற வழியும் நடப்பில் இருக்கிறது. லண்டன் 'கார்டியன்' தன் இணையதளத்தை அப்படித்தான் நடத்துகிறது. 1936லிருந்து அதற்குப் பின்னால் ஒரு அறக்கட்டளை இருப்பது அவர்கள் அதிர்ஷ்டம். தத்துவ ரீதியில் இதன் அர்த்தம் தெளிவு. முடிந்தவன் கொடுப்பது முடியாதவனுக்காகவும் சேர்த்து. கிட்டத்தட்ட நூலக வரி, வசூலிக்க அதிகாரி இல்லாத வரி.

இனி, யார் கணக்கில் என்ற கேள்வி. இன்று நாம் செய்தியைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பத்திரிகையின் வாசல்கூட அல்ல. கூகிளும் ஃபேஸ்புக்கும் போட்டுக்கொடுத்த திண்ணை. விளம்பரப் பணத்தின் பெரும்பங்கும் அங்கேதான் போய்ச் சேருகிறது. கம்பெனி காரியமாக என்ற பழைய முத்திரை திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாம். 2023ல் கனடா, செய்திகளால் லாபம் பெறும் கம்பெனிகள் பத்திரிகைகளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஃபேஸ்புக்கின் உடைமைக் கம்பெனி அந்த ஆகஸ்டில், கனடாவில் செய்திகளே தன் பக்கங்களில் தெரியாதபடி செய்துவிட்டது. அதே மாதம் வடக்கே காட்டுத்தீ. யெல்லோநைஃப் என்ற ஊரையே, சுமார் 20,000 பேரை, காலி செய்யச் சொன்னார்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியதை ஒருவருக்கொருவர் ஃபேஸ்புக்கில் அனுப்பிக்கொள்ள முடியவில்லை. கம்பெனி யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. தன் திண்ணையில் இனி உட்காராதே என்றது, அவ்வளவுதான். ஓசியில் உட்கார்ந்தவனுக்கு அதை எதிர்த்துச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது.

பழைய தினசரிகளின் ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் ஒரு தோரணையை அடிக்கடி பார்க்கலாம். 'நான் தங்கள் பத்திரிகையின் இருபது வருஷத்துச் சந்தாதாரன்' என்று ஆரம்பிக்கும். பின்னால் வரும் விஷயம் அற்பமாக இருக்கலாம், பஞ்சாங்கத்தில் நாழிகை தப்பு என்பதாகக்கூட இருக்கலாம். அந்த முதல் வரிக்கு ஒரு பலம் இருந்தது. நீ எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை அது சொல்லிற்று. இன்று கட்டுரைக்குக் கீழே ஆயிரம் பேர் வசைமாரி பொழிகிறார்கள். யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்ல. வசையும் கூட்டமாகக் கணக்கிடப்பட்டு விளம்பரக்காரரிடம் விலை போகிறது. நான் இழந்துவிட்டதாக நினைப்பது இதை: ஏமாற்றப்படும்போது ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லும் உரிமை. கொடுத்தவனுக்குத்தான் அது உண்டு.

நம் வட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'எழுத்து' 1959ல் ஆரம்பித்து 1970ல் நின்றது. அதன் பின் வந்தவை எத்தனையோ. ஒவ்வொன்றும் நிற்கும்போது தமிழ்ச் சமூகத்தின் கலாச்சார வறுமையைப் பற்றி இரங்கல் எழுதத் தவறியதில்லை நாம். ஆனால் சிறுபத்திரிகையில் ஒரு கவிதை வந்துவிட்டால் அதன் பின் அந்தப் பத்திரிகை வாழ்நாள் முழுக்க இலவசமாக வர வேண்டும் என்பது நம்மிடையே எழுதாத சட்டம். ஓசிப் பிரதி நமக்குக் கௌரவத்தின் அடையாளம்; சந்தாப் படிவம் அவமதிப்பு. விளம்பரமே இல்லாத இந்தப் பக்கங்களில், என் ஓசி யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று தேட வேண்டியதில்லை. ஆசிரியரின் சம்பளக் கவரில். அது சில சமயம் அவர் வீட்டு மளிகைக் கணக்கு. பெரிய தினசரிகளைப் பற்றி விசாரணை செய்யும் முன் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் கேட்ட ஒரு கவி நண்பர், காசு கொடுக்கத் தகுதியான தினசரி தமிழில் எது, பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கே கட்டுகிறேன் என்றார். கேட்ட தொனியில் கேள்வி முடிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகுதியை முதலில் காட்டு, பிறகு பணம் என்பது காய்கறி வாங்கும் முறை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கலாம். வரப்போகிற வருஷத்தின் காத்திருப்பை அப்படிப் பார்க்க முடியாது. சந்தாவின் சுபாவம் கடனின் சுபாவம். ஆளைப் பார்த்து, முன்னால் செய்ததைப் பார்த்து, முன்கூட்டிக் கொடுப்பது. சில திரும்பாமல் போகும். வாராக்கடன் என்று அதற்கு எங்களிடம் ஒரு தலைப்பே இருக்கிறது. அந்தப் பயத்தில் எவனுக்கும் கடன் கொடுக்காமல் ஒரு கிளையை நடத்த முடியாது.

ஆகவே அச்சுத் தாளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதல்ல என் கட்சி. தாளா திரையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். வசதியுள்ளவன் ஏதாவது ஒன்றுக்காவது கட்ட வேண்டும். நகராட்சிக் கூட்டத்திலோ கோர்ட்டு வராந்தாவிலோ தன் ஆளை உட்கார வைத்திருக்கிற பத்திரிகையாக அது இருந்தால் நல்லது. கட்டிவிட்டு மற்றதையெல்லாம் ஓசியில் படிக்கலாம்; அதில் தப்பில்லை. கட்டிய அந்த ஒன்று ஏரிக்கரை விஷயத்தை அமுக்கிவிட்டால், ஒரு கார்டு எழுதிக் கேட்க வேண்டும், சந்தா எண்ணைக் குறிப்பிட்டு.